கலகெதரக் கணவாயில் ஓர் ஈய உண்டை

கண்டி மாநகரிலிருந்து குருநாகலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை, கட்டுகஸ்தோட்டையில் மகாவலி கங்கையைக் கடந்த பின்னர் மேற்குத் திசையாக வளைந்து செல்கிறது. ஹெதெனிய என்னும் ஊரைத் தாண்டியதும் மலைகள் மெல்லத் தலை தாழ்த்துகின்றன. கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. குருநாகலோ 120 மீற்றருக்கும் தாழ்வான சமவெளியில் கிடக்கிறது. இவ்விரண்டு நிலங்களுக்கும் இடையே வாயிற்படி போல் அமைந்த ஊரே கலகெதர. சிங்களத்தில் ‘கல’ என்பது கல். ‘கெதர’ என்பது வீடு. கல்வீடு என்னும் பெயர் இவ்வூருக்கு எக்காரணத்தால் வந்ததாயினும், பாறையும் மரமும் நெருங்கிய அச்சரிவுகளைக் காணும் எவருக்கும் பொருத்தமாகவே தோன்றும்.

அண்மையில் ஒரு விடுமுறை நாளில் நான் அங்கே சென்றேன். என்னுடன் வந்தவன் என் வகுப்பு மாணவன் ஒருவன். பாடசாலைக் கடேற் அணியில் சேர்ந்து, இலக்கு நோக்கிச் சுடுவதில் ஆர்வங் கொண்டவன். வரலாற்றுப் பாடத்தில் கலகெதரவின் பெயரைக் கேட்ட நாளிலிருந்து, “சேர், அந்தக் கணவாயை ஒருமுறை பார்க்க வேண்டும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். பஸ்ஸில் இடம் கிடைத்து அமர்ந்ததும் அவன் கேட்ட முதற் கேள்வி இது: “சேர், நல்ல துவக்கு ஒன்று இருந்தால் போதாதா? உண்டையைத் தெரிந்தெடுப்பதிலுமா இவ்வளவு விஷயம் இருக்கிறது?”

அக்கேள்விக்குரிய விடை நாங்கள் போய்க்கொண்டிருந்த பாதையிலேயே கிடந்தது எனலாம்.

கண்டி இராச்சியத்தைக் காத்தவை மதில்களல்ல, கணவாய்கள். கொழும்புப் பக்கத்திலிருந்து வருவோருக்குப் பலன. குருநாகற் பக்கத்திலிருந்து வருவோருக்குக் கலகெதரவும் அதனருகிலுள்ள கிரிஹாகமவும். 1803ஆம் ஆண்டு ஜனவரி மாத இறுதியில் ஆங்கிலேயத் தளபதி மக்டவல் கொழும்பிலிருந்து படையுடன் புறப்பட்டார். பெப்ரவரி 19ஆந் திகதி அப்படை இக்கணவாயை அடைந்தது. கிரிஹாகம அரணிலிருந்த கண்டி வீரர்கள் கடுமையாகச் சுட்டனர். 19ஆம் படைப்பிரிவினர் அவ்வரணை ஏறிப் பிடித்தனர். அதனினும் இயற்கை வலிமை மிகுந்த கலகெதர அரண் போரின்றியே கைவிடப்பட்டது. இரண்டு நாளில் ஆங்கிலேயர் கண்டி நகருள் நுழைந்தபோது அங்கே மனிதர் இல்லை, கட்டடங்கள் எரிந்துகொண்டிருந்தன.

வென்றோம் என்று அவர்கள் எண்ணினர். நாயக்க வம்சத்தவரான முத்துசாமி என்பவரை அரியணையில் அமர்த்தினர். ஆயினும் மழையும் காய்ச்சலும் உணவுப் பஞ்சமும் சேர்ந்து நகரிலிருந்த காவற்படையை உருக்குலைத்தன. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் மேஜர் டேவி சரணடைந்தார்; முத்துசாமியும் அப்படையினரிற் பெரும்பாலோரும் கொல்லப்பட்டனர். துவக்கினால் பிடித்த நகரத்தைத் துவக்கினால் வைத்திருக்க முடியவில்லை.

கலகெதரவில் இறங்கி, சாலையோரச் சரிவொன்றில் நின்று கீழே நோக்கினோம். மிளகுக் கொடி படர்ந்த மரங்களும் தென்னைகளும் வளைந்து வளைந்து இறங்கும் தார்ச் சாலையுமே தெரிந்தன. அரணின் சுவடு எதுவும் எங்கள் கண்ணிற் படவில்லை. “இங்கே நின்று ஒருவன் சுட்டிருப்பான், இல்லையா சேர்?” என்றான் மாணவன். ஆம், அவன் கையில் இருந்த துவக்கைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும்.

முதலில் சொற்களைப் பாருங்கள். தமிழ்நாட்டார் ‘துப்பாக்கி’ என்பதை ஈழத்தவராகிய நாம் ‘துவக்கு’ என்கிறோம். சிங்களவரும் ‘துவக்கு’ என்றே சொல்கின்றனர். நாம் வெடி என்பதை அவர்களும் ‘வெடி’ என்பர். நமது உண்டை அவர்களுக்கு ‘உண்ட’. வெடிமருந்தை அவர்கள் ‘வெடி பெஹெத்’ என்கின்றனர். ‘பெஹெத்’ என்றாலும் மருந்துதான். நோய் தீர்க்கும் பொருளுக்கும் உயிர் போக்கும் பொருளுக்கும் இரு மொழியும் ஒரே பெயரை வைத்திருப்பது சிந்திக்கத்தக்கது. கண்டி மன்னரின் படைப்பகுதிகளில் ‘வெடிக்கார லேகம்’, ‘கொடித்துவக்கு லேகம்’ என இரண்டு இருந்தன. கொடித்துவக்கு என்பது முன்புறம் இரு கால்களை ஊன்றி நிற்கும் சிறு பீரங்கி. அதன் தோற்றத்தைக் கண்ட ஐரோப்பியர் அதற்கு வெட்டுக்கிளியின் பெயரை இட்டனர். கொடித்துவக்கு என்பது இன்றும் சிங்களக் குடும்பங்கள் பலவற்றின் பெயராக வழங்குகிறது.

போர்த்துக்கேயர் வந்த காலத்தில் இந்நாட்டார் துவக்கை அறிந்திருக்கவில்லை என்றும், பிறகு கற்றுத் தம் ஆசான்களையே விஞ்சினர் என்றும் போர்த்துக்கேய வரலாற்றாசிரியரான கூத்தோ எழுதிச் சென்றார். கண்டிக் கம்மியரின் துவக்குகளில் அடிக்கட்டை இரண்டாகப் பிரிந்து சுருண்டிருக்கும். மரத்திற் கொடிவேலைப்பாடு ஓடும். வெடிக்கும் பொறி வழக்கமாக இடப்புறத்தில் அமைந்திருக்கும். அத்தகைய வேலைப்பாட்டைக் காண விரும்புவோர் கொழும்பு தேசிய நூதனசாலைக்குச் செல்லலாம். 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைக் கொள்ளையிட்டபோது, பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த லெவ்கே திசாவையின் பீரங்கியை எடுத்துச் சென்றனர். ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு கழித்து, 2023 டிசம்பரில் நெதர்லாந்து அதனைத் திருப்பித் தந்தது. அதனுடன் வந்த ஐந்து பொருள்களில் இரண்டு, ‘மகா துவக்கு’ எனப்படும் பெருந்துவக்குகள்.

ஆனால் எத்துணை அழகிய துவக்காயினும் அது வெறுங் குழாயே. இலக்கைச் சென்று சேர்வது உண்டை. இந்த இடத்தில்தான் தெரிவு என்பது தொடங்குகிறது.

அக்காலத்தில் துவக்கு வைத்திருந்த ஒவ்வொருவனும் தன் உண்டையைத் தானே வார்த்து, தானே மருந்திட்டு இடித்து நிரப்பியவன். வன்னியில் அத்தகைய துவக்கை ‘இடியன்’ என்றே அழைப்பர். ஈயம் 327 பாகை செல்சியசில் உருகும். அடுப்பு நெருப்பே அதற்குப் போதும். இரும்பகப்பையில் உருக்கி, அச்சில் ஊற்றி, ஆறியதும் எடுத்து, விளிம்பைச் செதுக்கிவிட்டால் உண்டை ஆயிற்று. எவ்வளவு பெரிய உண்டை? குழாயின் துளையளவே இருந்தால் உள்ளே இறங்காது. மிகச் சிறிதாயின் குழாய்க்குள் அங்குமிங்கும் மோதி, வெளிவரும்போது எந்தப் பக்கம் கடைசியாக மோதியதோ அதற்கேற்பத் திசை மாறும். ஆங்கிலேயப் படைவீரனின் துவக்கிற்குத் துளை முக்கால் அங்குலம். உண்டையோ அதனினும் ஓர் அங்குலத்தின் இருபதிலொரு பங்கு சிறியது. விரைவாக நிரப்ப வேண்டும் என்பதே அவனுக்கு முதன்மை. குறி தவறினால் பக்கத்திலுள்ளவனின் உண்டை படட்டும் என்பது அணிவகுப்புப் போரின் கணக்கு. பாறைக்குப் பின்னால் தனியே இருப்பவனுக்கு அக்கணக்கு உதவாது. அவன் இறுக்கமாகப் பொருந்தும் உண்டையைத் தெரிந்து, துணியிற் சுற்றி, நேரமெடுத்து இடித்தால்தான் அவனுடைய ஒரே வெடி பயன் தரும். விரைவு வேண்டுமா, குறி வேண்டுமா என்பதே உண்டைத் தெரிவின் மிகப் பழைய கேள்வி.

மாணவர்களுக்கு இதில் ஒரு நல்ல கணக்கும் உண்டு. ‘பன்னிரண்டாம் இலக்கத் துவக்கு’ என்கிறோமே, அந்தப் பன்னிரண்டு எது? ஓர் இறாத்தல் ஈயத்தைச் சமமான பன்னிரண்டு உண்டைகளாக வார்த்தால், அவற்றில் ஒன்று எந்தத் துளையிற் சரியாகப் பொருந்துமோ அதுவே பன்னிரண்டாம் இலக்கம். ஓர் இறாத்தல் 454 கிராம். பன்னிரண்டால் வகுத்தால் ஏறத்தாழ 37.8 கிராம். ஈயத்தின் அடர்த்தி 11.34. கோளத்தின் கனவளவுச் சூத்திரத்தைக் கொண்டு கணித்தால் விட்டம் 18.5 மில்லிமீற்றர் எனக் கிடைக்கும். இலக்கம் கூடக் கூடத் துளை சிறுத்துப் போவதன் காரணம் இப்போது விளங்கும். விட்டம் இருமடங்கானால் எடை எட்டு மடங்காகும் என்பதும் இதே சூத்திரத்தில் அடக்கம்.

கண்டி வீழ்ந்த பின் இம்மலைகளில் துவக்கேந்தி வந்தவர்கள் வேட்டைக்காரர்கள். 1840களின் பிற்பகுதியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் 21 இறாத்தல் எடையுள்ள ஒரு துவக்கை வைத்திருந்தார். அதன் குழாயினுள் இரண்டு திருகு பள்ளங்கள். அவற்றிற் பொருந்துமாறு இடுப்பிற் பட்டையுடன் வார்க்கப்பட்ட மூன்று அவுன்சு உண்டை. யானையின் மண்டையோட்டில் மெல்லிய ஈயம் நசுங்கிவிடும் என்பதனால் வேறு உலோகங் கலந்து உண்டையைக் கடினப்படுத்துவது அக்கால வழக்கம். மேஜர் ரோஜர்ஸ் என்பவர் 1,400 யானைகளுக்கு மேற் கொன்றதாகச் சொல்லப்படுகிறது. அவர் 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். மக்கள் அதனை யானைகளின் சாபம் என்றனர். சாபமோ அன்றோ, அவர்கள் வேட்டையாடிய மலைக்காடுகள் பலவற்றில் இன்று யானை இல்லை.

பின்னர் உருண்டை மறைந்து நீண்ட உண்டை வந்தது. குழாயினுள் திருகு பள்ளம் இருந்தால் உண்டை பம்பரம் போற் சுழன்று நிலைகுலையாமற் செல்லும். உண்டை நீளமாக நீளமாகச் சுழற்சியும் விரைவாக வேண்டும். 1879இல் கிரீன்ஹில் என்ற கணித அறிஞர் இதற்கோர் எளிய விதி கண்டார்: உண்டையின் நீளம் அதன் விட்டத்தைப்போல் எத்தனை மடங்கோ, அவ்வெண்ணால் 150ஐ வகுத்தால், எத்தனை விட்டத் தூரத்தில் ஒரு முழுச் சுற்று வேண்டும் என்பது கிடைக்கும். நான்கு மடங்கு நீளமான உண்டைக்கு முப்பத்தேழரை விட்டத் தூரத்தில் ஒரு சுற்று. ஆகவே, தன் தோட்டாவைத் தானே நிரப்பிக்கொள்ளும் வழக்கமும் அனுமதியும் உள்ள நாடுகளில், அறிவுள்ளவன் கடையில் முதலிற் கேட்பது விலையையன்று; தன் துவக்கின் திருகு எவ்வளவு என்பதை அறிந்து அதற்கிசைந்த நீளத்தையே கேட்பான்.

அதற்கடுத்த கேள்வி, எதற்காக என்பது. இலக்குச் சுடுவோனுக்கு வேண்டியது ஒன்றையொன்று ஒத்த உண்டைகள். அவன் அவற்றைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுப்பான். நாம் பொன் நிறுக்கக் குன்றிமணியைக் கொண்டது போல, அவர்கள் தானியமணியிற் பிறந்த ‘கிரெயின்’ என்னும் அளவையைக் கொண்டனர்; 7,000 கிரெயின் ஓர் இறாத்தல். இலக்குக்குரிய உண்டைகளிற் பலவற்றின் முனையில் ஒரு நுண்ணிய துளை காணப்படும். அது பிளப்பதற்காக இட்டதன்று. செப்பு உறையை அடிப்பக்கத்திலிருந்து முனை நோக்கி இழுத்து மூடுவதனால் எஞ்சிய வாய் அது. அவ்வாறு செய்தால் அடிப்பாகம் பழுதின்றி அமையும். குழாயின் வாயை விட்டுப் பிரியும் கணத்தில் வாயு எல்லாப் பக்கமும் சமமாக வெளியேறும். குறியைத் தீர்மானிப்பது கூரிய முனையைக் காட்டிலும் கண்ணுக்குப் படாத அடிப்பாகமே என்று சொன்னபோது, என் மாணவன் சிரித்தான்.

வேட்டைக்குரியது வேறு. அங்கே உண்டை விலங்கின் உடலில் மலர்ந்து விரிந்து விரைவில் உயிரைப் போக்க வேண்டும் என்கின்றனர். விரியாத உண்டை ஊடுருவிச் செல்ல, விலங்கு காயத்தோடு ஓடிப் புதரில் நாட்கணக்கிற் கிடந்து சாகும். யானை, எருமை போன்றவற்றுக்கு மட்டும் விரியாத திண்ணிய உண்டை. ஈண்டு ஒரு முரண் உண்டு. கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் ஆயுதசாலையில் 1890களில் செய்யப்பட்ட விரியும் உண்டை மனிதருக்குக் கொடியது என்று, 1899ஆம் ஆண்டு ஹேக் மாநாட்டில் போரிலிருந்து விலக்கப்பட்டது. ஒரே உண்டை, மனிதன்மேற் பட்டால் கொடுமை. மான்மேற் பட்டால் கருணை! போரில் எதிரியை வீழ்த்தினாற் போதும், கொல்ல வேண்டியதில்லை என்பது ஒரு நியாயம். வேட்டையில் கொல்வதானால் உடனே கொல்க என்பது மற்றொரு நியாயம். இரண்டிலும் சுடுபவன்தான் முன்கூட்டியே தெரிந்தெடுக்க வேண்டியவன். பட்டவனுக்குத் தெரிவு இல்லை.

வெயில் ஏறிவிட்டது. கடைவீதியில் ஒரு தேநீர்க் கடைக்குள் நுழைந்தோம். கடைக்காரர் முஸ்லிம் அன்பர், “வாங்க மாஸ்டர், கண்டியில இருந்தா?” என்று வரவேற்றார். மூலை வாங்கில் சிங்கள முதியவர் ஒருவர் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார். எழுந்தபோது ஊன்றுகோலை எடுத்தார்; சாரத்தின் கீழே ஒரு காலே தெரிந்தது. நான் நோக்குவதைக் கண்டு அவரே, “பெந்தி துவக்கு, மஹத்தயா” என்றார். “பன்றிக்குக் கட்டினது. இவர் புல்லு வெட்டப் போனவர்” என்று கடைக்கார நானா விளக்கினார்.

கட்டுத்துவக்கு என நாம் சொல்வதைத்தான் அவர்கள் பெந்தி துவக்கு என்கின்றனர். தோட்ட ஓரத்தில் ஒரு குழாயைக் கட்டி, பாதைக்குக் குறுக்கே கயிற்றை இழுத்துவிடுவது. தட்டுவது பன்றியானாலும் பிள்ளையானாலும் அது வெடிக்கும். பன்றியின் உயரத்துக்குக் கட்டப்படுவதால் மனிதருக்கு முழங்காலின் கீழேயே பெரும்பாலும் படும். நம் நாட்டு வைத்தியசாலைகளில் இக்காயம் மருத்துவர்கள் நன்கறிந்த ஒன்று. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1937இலும், வெடிபொருட் சட்டம் 1956இலும் வந்தன. துவக்குக்கு உரிமம் வேண்டும் என்னும் சட்டம் 1916ஆம் ஆண்டினது. எனினும், ஓர் இரவில் மரவள்ளித் தோட்டம் முழுவதையும் பன்றி கிளறிவிட்டதைக் காணும் ஏழைக்கு அச்சட்டங்கள் தொலைவிலுள்ளவை. அவனை வெறுமனே குற்றஞ்சாட்டி நான் எழுத இயலாது. ஏனெனில் அக்குற்றத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, மாத்தளைப் பக்கத்தில் மாமா வீட்டிற்கு விடுமுறைக்குச் சென்றிருந்தேன். மாமா ஓர் இரவு ஈயம் உருக்கி உண்டை வார்த்தார். அச்சிலிருந்து விழுந்தவற்றைப் பலகையில் உருட்டிப் பார்த்துத் தெரிந்தெடுக்கும் வேலை எனக்கு. கோணலாக ஓடுவதையும், உள்ளே காற்றுக் குமிழ் இருந்து எடை குறைந்ததையும் விலக்கிவிட்டு, நேராக ஓடும் உண்டைகளைச் சிரட்டையில் இட்டேன். “நல்ல கண் உனக்கு, தம்பி” என்று மாமா தட்டிக் கொடுத்தார். அந்தப் பாராட்டின் பெருமையோடு உறங்கினேன்.

நான்காம் நாள் அதிகாலையில், மாமியின் தம்பி இரவு பஸ்ஸில் வந்து இறங்கி, குறுக்குப் பாதையால் நடந்து வந்தார். எனக்குப் பனங்கற்கண்டு கொண்டு வந்திருந்தார். வெடிச் சத்தம் கேட்டு, பன்றி விழுந்தது என்று மகிழ்ந்து ஓடியவர்களில் நானும் ஒருவன்.

அவர் பிழைத்துக்கொண்டார், வலக்கால் முழங்காலின் கீழே போயிற்று. மாமா அதன்பின் தோட்டத்தில் எதையும் கட்டவில்லை. பன்றி வந்த இரவுகளில் தகரத்தைத் தட்டிக்கொண்டு விடியும்வரை தாமே விழித்திருந்தார். என்னை யாரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. காலிழந்தவர் என்னைக் காணும்போதெல்லாம் முன்போலவே தலையைத் தடவுவார். உண்டையைத் தெரிந்தெடுத்தவன் நான் என்பது அவருக்குத் தெரியுமோ என்று கேட்கும் துணிவு இன்றுவரை எனக்கு வரவில்லை.

இதனைத் திரும்பும் பஸ்ஸில் என் மாணவனிடம் சொன்னேன். வேறெந்த மாணவனிடமும் அதற்கு முன் சொன்னதில்லை. அவன் வெகுநேரம் யன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தான். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் ஏறியபோது, “அந்த அச்சு இப்போது எங்கே, சேர்?” என்று கேட்டான்.

மாமா இறந்தபின் அது என்னிடம் வந்தது. என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அடுத்த திங்கட்கிழமை வகுப்பிற்கு எடுத்துச் சென்றேன். அதில் வார்த்த உண்டை ஒன்று 12 கிராம் நிறைகொள்ளும் என்று சொல்லி, விட்டத்தைக் கணிக்கச் சொன்னேன். 12.6 மில்லிமீற்றர் என்று பலரும் சரியாகவே கண்டுபிடித்தனர். பிறகு கரும்பலகையைத் துடைத்துவிட்டு, அந்த உண்டைகளுள் ஒன்று எங்கே போய்ச் சேர்ந்தது என்பதையும் அவர்களுக்குச் சொன்னேன்.